யார் வீட்டுப் பிள்ளை?

“காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சு” என்று நம் பெரியோர்கள் சொல்லி வைத்தார்கள். ஆனால் அந்தக் காக்கையே, தன் கூட்டில் குயில் இட்டுச் சென்ற முட்டையை அடைகாத்து, பொரித்து வந்த குஞ்சுக்கு ஊட்டியும் வளர்க்கிறது. காக்கையே ஏமாறும்போது நான் எம்மாத்திரம்? சென்ற ஐப்பசியில் நான் ஏமாந்த கதையைத் தோழியருக்குச் சொல்ல விரும்புகிறேன்.

ஆம்பூரில் பாலாற்றுப் பக்கம் போகும் சந்து ஒன்றில் எங்கள் வீடு இருக்கிறது. கொல்லைப்புறம் சிறியதுதான். ஒரு முருங்கை, ஓர் எலுமிச்சை, செம்பருத்தி வேலி, துணி துவைக்கும் கல். அப்பா டேனரியில் தோல்களைத் தரம் பிரிப்பவர். அம்மா ஷூ கம்பெனியில் மேல்தோல் தைக்கிறார். என் பிறந்த நாளுக்கு மாமா பறவைப் படப் புத்தகம் ஒன்றைப் பரிசளித்தார். அதைப் புரட்டிப் புரட்டி, ‘எனக்குத் தெரியாத பறவை எதுவும் இல்லை’ என்ற கர்வம் எனக்கு வந்துவிட்டது.

ஒரு நாள் மாலை, மழை விட்டிருந்த நேரம். எலுமிச்சைச் செடியின் அடியில் ஒரு சின்னஞ்சிறு பறவை உட்கார்ந்திருந்தது. என் கட்டைவிரல் அளவுதான் இருக்கும். வால் இல்லை என்றே சொல்லலாம். தம்பி ஓடிவந்து, “அக்கா, இது என்ன குருவி?” என்று கேட்டான். நான் புத்தகத்தைக் கொண்டுவந்து பக்கம் பக்கமாகத் தேடினேன். எந்தப் படத்தோடும் அது ஒத்துப்போகவில்லை. “இது குளிர்காலத்துக்கு வடக்கிலிருந்து வலசை வரும் கதிர்க்குருவி, களைத்து விழுந்திருக்கிறது” என்று சொல்லிவிட்டேன். தெரியவில்லை என்று சொல்ல வாய் வரவில்லை.

அதோடு நின்றேனா? அம்மா கொண்டுவந்திருந்த ஷூ பெட்டி ஒன்றில் பஞ்சு பரப்பி, அதை உள்ளே விட்டு மூடினேன். பாலில் நனைத்த சோற்றை வைத்தேன். அது அலகைக்கூடத் திறக்கவில்லை. வெளியே எலுமிச்சைச் செடியில் ஒரு குருவி இருட்டும்வரை உரக்கக் கத்திக்கொண்டே இருந்தது. அதை நான் காதில் வாங்கிக்கொள்ளவில்லை. பெயர் கண்டுபிடிப்பதிலேயே குறியாக இருந்தேன்.

இரவு வேலை முடிந்து அப்பா வந்தார். பெட்டியைத் திறந்து பார்த்தார். “புத்தகத்தில் இந்த நிறமே இல்லை, அப்பா” என்றேன். அப்பாவுக்குப் பறவைகளின் பெயர் தெரியாது. ஆனால் அவர் சொன்னது இது: “நிறத்தை ஏன் பார்க்கிறாய்? எங்கள் டேனரியில் குரோம் போட்டு எடுத்தால் எல்லாத் தோலும் ஒரே வெளிர் நீலம். வெள்ளாட்டுத் தோலா, செம்மறித் தோலா என்று மயிர்க்கால் துளைகளின் வரிசையைப் பார்த்துத்தான் பிரிப்போம். சாயம் கடைசியில் ஏறுவது. இதற்கு இன்னும் சாயம் ஏறவில்லை, அவ்வளவுதான். அது சரி, இது யார் வீட்டுப் பிள்ளை என்று விசாரித்தாயா?”

டார்ச் வெளிச்சத்தில் மறுபடி பார்த்தேன். வாயின் இரு ஓரங்களிலும் மஞ்சள் நிறத்தில் மெல்லிய சதை. அது குஞ்சின் அடையாளம். அலகு மெலிந்து நீண்டது. ஆகவே பூச்சி தின்னும் பறவை, சோறு அதற்கு ஆகாது. முதுகில் இலைப்பச்சைச் சாயல். கால்கள் உடலுக்குப் பொருந்தாத நீளம். அன்றிரவு எனக்குத் தூக்கமே வரவில்லை. பெட்டிக்குள் சத்தமும் இல்லை.

விடியற்காலையில் அப்பாவும் நானும் பெட்டியை எலுமிச்சைச் செடியின் கீழே வைத்துத் திறந்துவிட்டு, பின்கட்டு வாசற்படியில் ஒதுங்கி உட்கார்ந்தோம். குஞ்சு துவண்டு கிடந்தது. ‘நான்தான் கொன்றுவிட்டேன்’ என்று எண்ணிக் கண்ணீர் விட்டேன். சற்று நேரத்தில் அதே கத்தல் கேட்டது. வால் நிமிர்ந்த ஒரு குருவி, தலையில் துரு நிறத் தொப்பி, அலகில் பச்சைப் புழு. குஞ்சு சிறகுகளை நடுங்கவிட்டு வாயைத் திறந்தது. தாய் ஊட்டியது. மூன்றாவது புழுவுக்குப் பின் குஞ்சு தத்தித் தத்திச் செம்பருத்தி வேலிக்குள் நுழைந்துவிட்டது.

தையல்சிட்டு! தினந்தோறும் எங்கள் கொல்லையில் பார்க்கும் பறவை. இலைகளின் ஓரங்களை அலகால் துளையிட்டு, பஞ்சையும் சிலந்தி நூலையும் கொண்டு தைத்துக் கூடு கட்டுவது. குஞ்சுகள் சுமார் 2 வாரங்களில் கூட்டைவிட்டு இறங்கிவிடும். அதற்குப் பிறகும் சில நாட்கள் தாயும் தந்தையும் ஊட்டும். தரையில் இருக்கும் குஞ்சு அனாதையல்ல என்பதை அன்று கற்றேன். பூனை வருமானால் அருகிலுள்ள செடியில் தூக்கி வைத்துவிட்டு விலகிவிட வேண்டும். அதுதான் நாம் செய்யக்கூடிய உதவி.

அதன் பிறகு ஐப்பசி, கார்த்திகை முழுவதும் கவனித்தேன். புள்ளிச் சில்லையின் வயிற்றில் மீன் செதில் போன்ற கோலம் உண்டு. அதன் இளம் பறவைக்கோ கோலமே இல்லை, வெறும் பழுப்பு. ஆனால் கனத்த கூம்பு அலகு குலத்தைக் காட்டிக்கொடுக்கிறது. கொண்டைக்குருவியின் பிள்ளைக்கு வாலடிச் சிவப்பு வெளிறியிருக்கும். ஊதாத் தேன்சிட்டில் வளர்ந்த ஆணே இம்மாதங்களில் பளபளப்பைக் களைந்துவிட்டு, மஞ்சள் மார்பின் நடுவே ஒரு கருங்கோட்டோடு திரிகிறது. இளம் ஆணுக்கும் அத்தகைய கோடு தோன்றும். பெரியதன் சிறகில் நீலக் கருமை மின்னும், இளையதன் சிறகு பழுப்பாக இருக்கும்.

பறவை அறிஞர் சாலிம் அலியும் சிறுவயதில், 1908-ஆம் ஆண்டில், தொண்டையில் மஞ்சள் படிந்த ஒரு குருவியின் பெயர் தெரியாமல் விழித்தவர்தான். அவர் வெட்கப்படாமல் அதைப் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்துக்குக் கொண்டுபோய் மில்லர்டு என்பவரிடம் கேட்டார். அந்தக் கேள்விதான் அவரைப் பறவை அறிஞராக்கியது. நான் கேட்கவில்லை, அதனால் ஓர் உயிர் இரவெல்லாம் பட்டினி கிடந்தது.

இதை அறிவியல் வகுப்பில் சொன்னபோது சிஸ்டர் புன்னகை செய்தார். தையல்சிட்டின் அறிவியல் பெயரில் ‘சூட்டோரியஸ்’ என்ற சொல் இருப்பதையும், லத்தீன் மொழியில் ‘சூட்டோர்’ என்றால் செருப்புத் தைப்பவர் என்பதையும் கூறினார். வகுப்பே கைதட்டியது. ஆம்பூர்க் கொல்லையில், ஷூ பெட்டிக்குள், ஒரு செருப்புத் தைப்பவரின் பிள்ளையை அடைத்து வைத்திருந்தேன்! மாலையில் அம்மாவிடம் சொன்னேன். ஊசி பட்டுத் தழும்பேறிய விரல்களைப் பார்த்துக்கொண்டே, “அப்படியானால் நம்ம ஜாதிதான் அது” என்று சிரித்தார்.

கார்த்திகைக் கடைசியில் செம்பருத்தி வேலியில் ஓர் இளம் தையல்சிட்டைக் கண்டேன். நெற்றியில் துரு நிறம் இலேசாக ஏறத் தொடங்கியிருந்தது. “நம்ம குருவியா அக்கா?” என்றான் தம்பி.

“தெரியவில்லை” என்றேன். இம்முறை அப்படிச் சொல்ல எனக்கு வெட்கமாக இல்லை.

— 10-ஆம் வகுப்பு மாணவி