அம்மா கொடுக்க முடியாத புகார்

1984இல் நான் ஏழாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தேன். தஞ்சாவூர் மாவட்டத்தில் ஆற்றங்கரையை ஒட்டிய சின்ன ஊர் எங்களுடையது. அந்த வருஷம் ஊருக்கு வெளியே இருந்த தென்னந்தோப்பில் இலங்கையிலிருந்து வந்த பையன்கள் தங்கினார்கள். விடியற்காலையில் வாய்க்கால் கரையில் வரிசையாக ஓடுவார்கள். முதலில் அவர்கள் கையில் மூங்கில் கம்பு இருந்தது. பிறகு துப்பாக்கி வந்தது.

ஊரில் இது தெரியாதவர்கள் கிடையாது. பஸ் கண்டக்டர் அந்த நிறுத்தத்துக்கு ‘முகாம் ஸ்டாப்’ என்றே பெயர் வைத்துவிட்டார். அந்த ஆண்டு மார்ச்சிலேயே ‘இந்தியா டுடே’ தமிழ்நாட்டு முகாம்களைப் பற்றி விரிவாக எழுதியிருந்தது. ஆனால் அப்படி எந்த முகாமும் இந்திய மண்ணில் இல்லை என்று டெல்லி சொல்லிக்கொண்டிருந்தது.

தோப்புக்காரர் எங்களுக்குத் தூரத்து உறவு. பையன்களில் சமைப்பவனுக்குக் காய்ச்சல் வந்தால் சமையல் அம்மாவின் தலையில் விழும். நாற்பது பேருக்குச் சோறு வடித்து, குழம்பு வைத்து, கூண்டு வண்டியில் ஏற்றி அனுப்புவாள். “அம்மா, கொஞ்சம் உறைப்பாப் போடுங்கோ” என்று கேட்பார்கள். உறைப்பு என்றால் காரம், செத்தல் மிளகாய் என்றால் காய்ந்த மிளகாய் என்று நாங்கள் கற்றுக்கொண்டோம். தேங்காய்ச் சம்பல் இடிக்க அம்மா கற்றுக்கொண்டாள். இன்றைக்கும் எங்கள் வீட்டில் அது உண்டு. அம்மா அவர்களைப் ‘புள்ளைங்க’ என்பாள். அவளிடம் அவர்களுக்கு வேறு சொல் இருந்ததில்லை.

அந்தப் பாசம் பொய்யில்லை. 1983 ஜூலையில் கொழும்பில் தமிழர்களின் வீடுகளும் கடைகளும் எரிந்தன. வெலிக்கடைச் சிறைக்குள் இரண்டு நாட்களில் 53 தமிழ்க் கைதிகள் கொல்லப்பட்டனர். செய்தியைக் கேட்டு எங்கள் தெருப் பெண்கள் மாரடித்து அழுதது எனக்கு நினைவிருக்கிறது. தன் வீட்டுப் பிள்ளைக்குப் போடுவதுபோலத்தான் அம்மா அவர்களுக்குச் சோறு போட்டாள்.

டெல்லிக்கு வேறு கணக்கு இருந்தது. நான் வரலாறு படித்து, அதையே கல்லூரியில் கற்பிக்கவும் தொடங்கிய பிறகுதான் அது எனக்குப் புரிந்தது. 1983இல் இந்திய உளவு அமைப்பான ‘ரா’ டெலோ, ஈரோஸ், ஈ.பி.ஆர்.எல்.எஃப்., விடுதலைப் புலிகள் எனப் பல இயக்கங்களுக்கு ரகசியமாக ஆயுதப் பயிற்சி கொடுக்க ஆரம்பித்தது. டேராடூன் பக்கம் சில முகாம்கள், தமிழ்நாட்டில் பல. ஜெயவர்த்தன அரசு அமெரிக்கா பக்கம் சாய்ந்துகொண்டிருந்தது. திருகோணமலைத் துறைமுகம் யார் கைக்குப் போகும் என்ற கவலை டெல்லிக்கு இருந்தது. கொழும்பை மிரட்டி வழிக்குக் கொண்டுவர ஒரு கருவி தேவைப்பட்டது. தனி ஈழம் டெல்லியின் நோக்கமாக ஒருநாளும் இருந்ததில்லை. 1985இல் கொழும்பில் இந்தியத் தூதரான ஜே.என். தீட்சித் பின்னாளில் இதையெல்லாம் எழுதினார். 1997இல் ஜெயின் ஆணையத்தின் இடைக்கால அறிக்கையும் பதிவு செய்தது. ஆனால் நாற்பது பேருக்குச் சோறு வடித்தவளிடம் அன்றைக்கு இதை யார் சொன்னார்கள்?

1979இலேயே பயங்கரவாதத் தடைச் சட்டம் போட்டிருந்த கொழும்புக்கு எங்கள் தோப்பிலிருந்தவர்கள் பயங்கரவாதிகள். எங்கள் டீக்கடைக்கு அவர்கள் வீரர்கள். 1985 மே மாதம் வல்வெட்டித்துறையில் ராணுவம் பொதுமக்களைக் கொன்றது. இரண்டு நாள் கழித்து, மே 14 அன்று, அனுராதபுரத்தில் புலிகள் பஸ் நிலையத்திலும் போதி மரக் கோயிலிலும் புகுந்து சிங்களப் பொதுமக்கள் ஏறக்குறைய 150 பேரைச் சுட்டுக் கொன்றார்கள். “அடிச்சாங்கள்ல, இப்ப வாங்கிக்கிறாங்க” என்று டீக்கடையில் ஆண்கள் பேசினார்கள். அப்பா வீட்டுக்கு வந்து அதையே சொன்னார். அம்மா அரிசி களைந்துகொண்டிருந்தாள். “கோயிலுக்கு வந்த பொம்பளைங்களையுமா?” என்று கேட்டாள். அப்பா பதில் சொல்லவில்லை. அன்றைக்கும் சோறு தோப்புக்குப் போனது.

அதே ஆண்டு ஐப்பசியில் ஒரு ராத்திரி, நல்ல மழை. கொல்லைக் கதவைத் தட்டும் சத்தம் கேட்டு அம்மா திறந்தாள். அந்தப் பையனுக்குப் பதினேழு வயது இருக்கும். எங்கள் வீட்டுச் சோற்றை ஒரு வருஷமாகச் சாப்பிட்டவன். உதடு கிழிந்திருந்தது. “அம்மா, என்னை ஒளிச்சு வையுங்கோ. விடிஞ்ச உடன போயிடுவன்” என்றான். இயக்கத்துக்குள் ஏதோ பிரச்சினை, கேள்வி கேட்டதற்காக அடிக்கிறார்கள் என்று மட்டும் புரிந்தது. அம்மா சோறு போட்டாள். மாட்டுக் கொட்டகையில் வைக்கோல் போர்த்திப் படுக்க வைத்தாள்.

“நமக்கு எதுக்கு வம்பு? அது அவங்க விவகாரம்” என்றார் அப்பா. விடிவதற்கு முன்னால் அவர் தோப்புக்குப் போய்ச் சொல்லிவிட்டார். மூன்று பேர் வந்தார்கள். “சும்மா விசாரிக்கத்தான் அம்மா” என்றார்கள். பையன் கத்தவில்லை. அம்மாவை ஒருமுறை திரும்பிப் பார்த்தான். அதற்குப் பிறகு ஊரில் யாரும் அவனைப் பார்க்கவில்லை. கேட்டபோது வேறு இடத்துக்கு அனுப்பிவிட்டதாகச் சொன்னார்கள்.

பத்து நாள் கழித்துப் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போக வேண்டும் என்று அம்மா கிளம்பினாள். அப்பா சிரித்தார். “எந்த முகாம்னு எழுதிக் கொடுப்ப? கவர்மெண்டே அப்படி ஒண்ணு இல்லேங்குது. அவன் பேரு என்ன, சொல்லு பாப்போம்.” அம்மாவுக்குப் பெயர் தெரியவில்லை. எல்லோருக்கும் அங்கே இயக்கப் பெயர்தான். இவனுக்கு அதுகூட நினைவில்லை. அவளுக்கு அவன் பிள்ளை, அவ்வளவுதான். அம்மா கட்டியிருந்த நல்ல புடவையை மாற்றிக்கொண்டு அடுப்படிக்குப் போனாள். ஆனால் அதற்குப் பிறகு தோப்புக்குச் சமைக்கவில்லை. அப்பாவின் சொல்லை அவள் மீறி நான் பார்த்த முதல் தடவை அது.

மறைமுகத் தலையீடு என்று பாடப்புத்தகத்தில் படிக்கும்போது, எதிரி நாட்டின் கண்ணுக்குத் தெரியாமல் செய்வது என்றே நினைக்கிறோம். எங்கள் ஊர் முகாம் கொழும்புக்குத் தெரியும், பத்திரிகைகளுக்குத் தெரியும், பஸ் கண்டக்டருக்குத் தெரியும். மறைக்கப்பட்டது ஒன்றே ஒன்று: பொறுப்பு. முகாம் இல்லை என்றால் அங்கே அடிபட்டவனும் இல்லை. காணாமல் போனவனைப் பற்றி எழுத ஒரு காகிதமும் இல்லை. இயக்கத்தைவிட்டு வெளியேறியவர்கள் 1985இல் கொண்டுவந்த கோவிந்தனின் ‘புதியதோர் உலகம்’ நாவல் முகாம்களுக்குள் நடந்த சித்திரவதைகளைச் சொன்னது. நான் அதைப் பல வருஷம் கழித்து அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். கடைசிவரை கேட்டுவிட்டு, “இதுல நம்ம வீட்டுக்கு வந்தவன் இருக்கானா?” என்றாள்.

1987இல் எல்லாம் தலைகீழானது. ஜூன் 4 அன்று இந்திய விமானங்கள் யாழ்ப்பாணத்தின்மீது உணவுப் பொருட்களைப் போட்டன. ஜூலை 29இல் ஒப்பந்தம் கையெழுத்தானது. அமைதிப்படை என்ற பெயரில் போன இந்திய ராணுவம், அக்டோபரில் தன் நாடு பயிற்சி கொடுத்த புலிகளோடே போரிட்டது. அம்மாதம் 21ஆம் தேதி யாழ்ப்பாண மருத்துவமனைக்குள் நுழைந்த ராணுவத்தினர் மருத்துவர்கள், தாதியர், நோயாளிகள் என 60க்கும் மேற்பட்டவர்களைக் கொன்றார்கள். படை திரும்பிய 1990 மார்ச்சுக்குள் இந்தியச் சிப்பாய்கள் ஆயிரத்துக்கும் மேற்பட்டோரும் இறந்திருந்தார்கள்.

இந்தக் காலத்தைப் பெண்களின் பக்கமிருந்து எழுதிவைத்தவர் ராஜினி திராணகம. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் உடற்கூற்றியல் கற்பித்த மருத்துவர். ஒருகாலத்தில் புலிகளின் ஆதரவாளராக இருந்தவர். சக ஆசிரியர்களோடு சேர்ந்து ‘முறிந்த பனை’யை எழுதியபோது, இந்திய ராணுவத்தினரால் பாலியல் வன்முறைக்கு ஆளான பெண்களின் அனுபவங்களைப் பதிவு செய்தார். அதே கையோடு இயக்கங்களின் கொலைகளையும் எழுதினார். 1989 செப்டம்பர் 21 அன்று சைக்கிளில் வீடு திரும்பும்போது சுட்டுக் கொல்லப்பட்டார். கொன்றது புலிகள் என்பதே அவருடைய குடும்பத்தினரும் சகாக்களும் சொல்வது. எல்லாத் தரப்பையும் ஒரே அளவுகோலால் அளந்த பெண்ணுக்கு எந்தத் தரப்பிலும் பாதுகாப்பு இருக்கவில்லை.

பிறகு 1991 மே 21. ஸ்ரீபெரும்புதூரில் ராஜீவ் காந்தியோடு பணியிலிருந்த காவலர்கள் இறந்தார்கள். அவர் முன்னால் கவிதை சொன்ன ஒரு சிறுமியும் அவளுடைய அம்மாவும் இறந்தார்கள். மறுநாள் காலையில் எங்கள் ஊர் டீக்கடையில் ‘பையன்கள்’ என்ற சொல் இல்லை. ‘தீவிரவாதிங்க’ என்று பேசினார்கள். தோப்பு எப்போதோ காலியாகியிருந்தது. அப்பா பையன்களோடு நின்று எடுத்த போட்டோவை அம்மா அடுப்பில் போட்டாள்.

இரண்டு வாரம் கழித்து விசாரணைக்குக் கூப்பிட்டார்கள். அப்பாவை ஒரு நாளில் விட்டுவிட்டார்கள். சமைத்துப் போட்டவள் என்பதால் அம்மாவை மூன்று நாள் காலையில் வரச்சொல்லிச் சாயங்காலம் அனுப்பினார்கள். கல்லூரி விடுமுறையில் இருந்த நான் துணைக்குப் போய்ப் பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். “தீவிரவாதிகளுக்கு எதுக்குச் சோறு போட்ட?” என்று அந்த அதிகாரி கேட்டுக்கொண்டே இருந்தார். மூன்றாம் நாள் அம்மா சொன்னாள்:

“தோப்புக்கு ஜீப்புல ஆபீசருங்க வந்து போனாங்கய்யா. இந்தியில பேசுவாங்க. அவங்களுக்கும் நான்தான் காப்பி போட்டேன். அதையும் எழுதிக்குங்க.”

அவர் எழுதவில்லை. அம்மா விடவில்லை. “ஒரு பையனைக் காணோம்யா. ஆறு வருஷமாச்சு. எங்க வீட்டுக் கொட்டகையிலேருந்து கூட்டிட்டுப் போனாங்க. அதை எழுதுங்க.”

“அது இந்தக் கேஸ்ல வராதும்மா” என்றார் அவர்.

முதன்முறையாக ஒரு அரசு அதிகாரி முன்னால் அந்த முகாம் இருந்தது என்று ஆகியிருந்தது. சோறு போட்டது குற்றம் என்று சொல்வதற்குத்தான் அது இருக்க வேண்டியிருந்தது. அந்தப் பையனுக்காக அது மறுபடியும் இல்லாமல் போனது.

1992 மே மாதம் இந்தியா புலிகளைத் தடை செய்தது. 1998இல் தடா நீதிமன்றம் ராஜீவ் வழக்கில் 26 பேருக்குத் தூக்குத் தண்டனை விதித்தது. 1999இல் உச்ச நீதிமன்றம் அந்தக் கொலைச் சதி தடா சட்டத்தின்படி பயங்கரவாதச் செயல் ஆகாது என்று தீர்ப்பளித்தது. கொலைக் குற்றத்துக்கே ஏழு பேரைத் தண்டித்தது. நாடே பயங்கரவாதம் என்று சொன்ன ஒன்றைச் சட்டத்துக்குள் வைத்துப் பார்த்தபோது அந்தச் சொல் பொருந்தவில்லை. இறந்தவர்களின் இழப்பு அதனால் ஒரு துளியும் குறையவில்லை.

இந்தப் பாடத்தை நடத்தும்போதெல்லாம் மாணவிகள் கேட்பார்கள்: “மேடம், அவங்க போராளிகளா, தீவிரவாதிகளா? பரீட்சையில எதை எழுதணும்?” ஒருவருக்குத் தீவிரவாதி இன்னொருவருக்குப் போராளி என்று சொல்லி முடித்துவிடலாம். அப்படிச் சொன்னால் எல்லோரும் தப்பித்துக்கொள்வார்கள். நான் அவர்களை நிகரகுவாவுக்கு அழைத்துப் போவேன். 1980களில் அங்கே கிராமங்களையும் மருத்துவ நிலையங்களையும் தாக்கிய கான்ட்ரா படைகளுக்கு அமெரிக்காவின் சி.ஐ.ஏ. ஆயுதமும் பயிற்சியும் கொடுத்தது. அதிபர் ரீகன் அவர்களைச் சுதந்திரப் போராளிகள் என்றார். 1986 ஜூனில் சர்வதேச நீதிமன்றம் அமெரிக்கா சட்டத்தை மீறியது என்று தீர்ப்பளித்தது. அமெரிக்கா அதை ஏற்க மறுத்தது. தன் கையிலிருக்கும் துப்பாக்கிக்கு ஒரு பெயர், கையைவிட்டுப் போனதும் இன்னொரு பெயர் என்பது எங்கள் ஊர் வழக்கம் மட்டுமல்ல என்று அப்போது மாணவிகளுக்குப் புரியும்.

பரீட்சையில் எதை வேண்டுமானாலும் எழுதுங்கள், ஆனால் மூன்று கேள்விகளையும் சேர்த்து எழுதுங்கள் என்பேன். செத்தது யார்? துப்பாக்கி கொடுத்தது யார்? பதில் சொல்ல வேண்டியது யார்? இவை அம்மாவிடமிருந்து நான் கற்றவை. அனுராதபுரத்துப் பெண்களுக்காக முதல் கேள்வியைக் கேட்டாள். மற்ற இரண்டையும் ஸ்டேஷனில் கேட்டாள்.

அப்பா இறந்து பல வருஷமாகிறது. அம்மாவுக்கு எழுபத்தைந்துக்கு மேல். 2017இல் கிளிநொச்சியில் காணாமல் ஆக்கப்பட்டவர்களின் தாய்மார்கள் தெருவோரப் பந்தலில் படங்களோடு உட்கார்ந்தார்கள். அதைத் தொலைக்காட்சியில் காட்டினால் அம்மா எழுந்து கிட்டே போய் நின்றுகொள்வாள். ஒவ்வொரு படமாகப் பார்ப்பாள். அந்தப் பெண்கள் தேடுவது பெரும்பாலும் இலங்கை ராணுவத்திடம் ஒப்படைத்த பிள்ளைகளை. இவள் தேடுபவன் இந்தியாவில், எங்கள் வீட்டுக் கொல்லையில் காணாமல் போனவன். அவனுடைய அம்மாவுக்கு அது தெரிந்திருக்க வாய்ப்பில்லை.

இதை எழுதச் சொன்னது அம்மாதான். எந்த இயக்கம் என்று எழுத வேண்டாம், அப்பா செய்ததை எழுது என்றாள். ஆகவே எழுதுகிறேன். 1985 ஐப்பசி, மழை நாள். வயது பதினேழு இருக்கும். மாநிறம், ஒல்லி. இடது புருவத்தில் பழைய வெட்டுத் தழும்பு. நீலக் கைலி. கடைசியாகச் சாப்பிட்டது எங்கள் வீட்டில்.