வாசலில் கழற்றி வைக்கும் செருப்பா தாய்மொழி?

படிக்க வந்த குழந்தையைப் பார்த்து, "உன் வீட்டு மொழியை வாசலிலே கழற்றி வைத்துவிட்டு உள்ளே வா" என்று ஒரு பள்ளி சொல்லுமானால், அது அறிவை வளர்க்கும் கூடமல்ல. அடையாளத்தை வெளுக்கும் சலவைச்சாலை! சட்டை அழுக்கென்றால் வெளுக்கலாம். தாயின் மொழி அழுக்கா? தந்தையின் தொழில் கறையா? இந்தக் கேள்வியை 1938-லும் 1965-லும் தெருவிலே நின்று கேட்டவர்கள் நாம். இன்று அதே கேள்வி அமெரிக்க நாட்டு வகுப்பறைகளிலே எழுந்து நிற்கிறது.

அந்நாட்டின் அரசுப் பள்ளிகளில் பயில்வோருள் ஏறத்தாழ 50 லட்சம் பேர், ஆங்கிலத்தை இனிமேல்தான் கற்றாக வேண்டிய குழந்தைகள். பத்துப் பேருக்கு ஒருவர்! அவர்களுள் பெரும்பாலோர் வீட்டிலே பேசப்படுவது ஸ்பானியம். ஏனையோர் வீட்டிலே அரபு, சீனம், வியட்நாமியம், இன்னும் எத்தனையோ மொழிகள்.

"எல்லோருக்கும் ஒரே புத்தகம், ஒரே ஆசிரியர், ஒரே வகுப்பு, இதைவிடச் சமத்துவம் வேறு உண்டோ?" என்ற வாதம் அங்கே நெடுநாள் நடமாடிற்று. சான்பிரான்சிஸ்கோ நகரிலே ஆங்கிலம் அறியாத சீனக் குழந்தைகள் ஏறத்தாழ 1,800 பேர், தனி உதவி ஏதுமின்றி, புரியாத பாடத்தைப் பார்த்தபடி அமர்ந்திருந்தனர். அவர்கள் சார்பில் தொடுக்கப்பட்டதுதான் லாவ் – நிக்கல்ஸ் வழக்கு. 1974-இல் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஒரே புத்தகத்தைக் கொடுத்துவிட்டதாலேயே சமத்துவம் வந்துவிடாது. மொழி புரியாத மாணவனுக்கு அந்தப் புத்தகம் கல்வியாகாது என்பதே தீர்ப்பின் சாரம். சமூக நீதி பேசும் நமக்கு இது புதிய பாடமா? முடவனையும் ஓட்டக்காரனையும் ஒரே கோட்டிலே நிறுத்திவிட்டு, "பந்தயம் நேர்மையானது" என்று கூறுவோரை நாம் அறியாதவர்களா?

தீர்ப்பு வந்ததோடு போராட்டம் தீர்ந்ததா? இல்லை. 1998-இல் கலிபோர்னியா மாநில வாக்காளர்கள், 227-ஆம் முன்மொழிவின் வாயிலாக இருமொழிக் கல்வியை ஏறத்தாழ முடக்கினர். 2016-இல் 58-ஆம் முன்மொழிவால் அந்த முடக்கத்தை அவர்களே நீக்கினர். 2025 மார்ச்சில், ஆங்கிலமே நாட்டின் ஆட்சிமொழி என்னும் ஆணையில் அதிபர் கையொப்பமிட்டார். அலை ஏறுகிறது, இறங்குகிறது. அதன் நடுவே தத்தளிப்பது குழந்தை.

"கவலை எதற்கு? கருவி வந்துவிட்டதே! கைப்பேசியிலே தட்டினால் நொடியிலே மொழிபெயர்க்கிறதே!" என்பர் சிலர். கருவியை வரவேற்பவன் நான். பகுத்தறிவாளன் இயந்திரத்தைக் கண்டு மிரள மாட்டான். எழுத்தை அச்சுக்கும் எளியோர்க்கும் ஏற்றதாக்க 1935-இல் குடி அரசு இதழிலே சீர்திருத்த எழுத்தைக் கையாண்டவர் பெரியார். 1978-இல் தமிழக அரசு அதை ஏற்றது. அந்த மரபிலே வந்தவர்கள் கணினியைக் கண்டு கண்ணை மூடிக்கொள்வதில்லை. கண்ணைத் திறந்து பார்க்கிறோம்; ஆகவேதான் கேள்வியும் கேட்கிறோம்.

என் உறவினர் ஒருவர் கலிபோர்னியாவிலே வாழ்கிறார். மகளைப் பள்ளியிலே சேர்க்கும்போது, வீட்டு மொழி எது என்று கேட்கும் படிவத்திலே 'தமிழ்' என்று தெளிவாக எழுதிக் கொடுத்தார். சில நாள் கழித்துப் பள்ளியிலிருந்து கைப்பேசிக்கு அறிவிப்பு வந்தது. எந்த மொழியில்? இந்தியில்! பெற்றோர் பிறந்த நாடு இந்தியா. ஆகவே மொழி இந்தி! கடல் கடந்து போனாலும் விடவில்லை, பார்த்தீர்களா, அந்தப் பழைய கணக்கு! குற்றம் கருவியினுடையதா? அன்று. ஒரு நாட்டுக்கு ஒரு மொழிதான் இருக்கும் என்று எண்ணிப் பொத்தானை அழுத்திய மனத்தினுடையது.

இது தமிழருக்கு மட்டும் நேர்ந்ததன்று. ஓக்லாந்து நகரப் பள்ளிகளிலே குவாத்தமாலாவிலிருந்து வந்த குழந்தைகள் பலர் உள்ளனர். அவர்களுள் எத்தனையோ பேருக்கு வீட்டு மொழி 'மாம்'. மாயன் குடும்பத்தைச் சேர்ந்த தொன்மொழி அது. ஸ்பானியமே அவர்களுக்கு இரண்டாம் மொழி. ஸ்பானியத்திலே கடிதம் அனுப்பிவிட்டு, "தாய்மொழியிலே தெரிவித்துவிட்டோம்" என்று சொன்னால் அந்தத் தாய் யாரிடம் போய் முறையிடுவாள்? பெரிய மொழிகளுக்கு வாய்த்த கருவி, சிறிய மொழிகளுக்கு வாய்ப்பதில்லை. பணம் எங்கே குவிகிறதோ, அங்கேதான் இயந்திரமும் பேசப் பழகுகிறது.

அப்படியானால் கருவியை எப்படிக் கையாள்வது? கனடாவிலே, டொராண்டோவை அடுத்த மிசிசாகாவிலுள்ள தோர்ன்வுட் அரசுப் பள்ளி ஒரு வழி காட்டியது. குழந்தைகள் தாங்களே கதை எழுதினர். ஆங்கிலத்திலும் எழுதினர், வீட்டு மொழியிலும் எழுதினர். தாயும் தந்தையும் துணை நின்றனர். படம் வரைந்து, கணினியிலே ஏற்றி, உலகம் படிக்க இணையத்திலே வைத்தனர். ஆங்கிலம் தேய்ந்ததா? தேயவில்லை. தாய்மொழியிலே ஊன்றிய கருத்து இரண்டாம் மொழிக்கும் உரமாகும் என்பதை ஆய்ந்து கூறிவருபவர் ஜிம் கம்மின்ஸ் எனும் அறிஞர்.

அரிசோனா மாநிலத்து டூசான் நகரிலே லூயிஸ் மோல் முதலானோர் மற்றொன்றைச் செய்தனர். ஆசிரியர்களை உழைப்பாளர் வீடுகளுக்கு அனுப்பினர். உபதேசிக்க அல்ல, கற்றுக்கொள்ள! பயிரிடல், கட்டடம் கட்டுதல், பொறி பழுதுபார்த்தல், மருந்து மூலிகை என, 'ஏதுமறியாதவர்' என்று ஒதுக்கப்பட்டோர் வீடுகளிலே அறிவுக் களஞ்சியமே இருக்கக் கண்டனர். 1992-இல் அதை எழுதியும் வெளியிட்டனர். இன்று அந்தக் களஞ்சியத்தைத் திறக்க ஒரு கைப்பேசி போதும். கொத்தனார் ஒருவர் சுவரின் நேர்மையைத் தூக்குக்குண்டு தொங்கவிட்டுப் பார்ப்பதை அவர் மகள் படம் பிடிக்கட்டும். அவர் தம் மொழியிலே விளக்கட்டும். அதன்கீழ் அவள் ஆங்கிலத்திலே எழுதட்டும். அன்று வகுப்பிலே அவள் ஊமையல்ல, ஆசிரியை!

ஆனால் தோழர்களே, 'பண்பாடு' என்று எவர் எதைக் கொணர்ந்தாலும் மாலை சூட்டுவோமா? மாட்டோம். 2005-06-இல் கலிபோர்னியாவின் ஆறாம் வகுப்பு வரலாற்று நூல்களிலே, சாதி பற்றியும் பெண்ணடிமை பற்றியும் எழுதியிருந்ததை மாற்ற வேண்டுமென்று இந்து அமைப்புகள் சில வாதாடின. "எங்கள் பிள்ளைகள் மனம் புண்படுகிறது" என்பது அவர்கள் கூற்று. அறிஞர்கள் எதிர்த்தனர், ஒடுக்கப்பட்டோரும் எதிர்த்தனர். 2016-லும் அதே சண்டை மீண்டும் மூண்டது. குழந்தையின் பண்பாட்டைக் காக்கிறோம் என்ற பெயராலே, சாதியைத் திரையிட்டு மறைக்கும் முயற்சி! சேரியிலே பிறந்து அங்கு குடியேறியவனின் மகளுக்கு மனம் இல்லையா? அவள் பாட்டி பட்ட பாடு பண்பாட்டுக் கணக்கிலே சேராதா?

அதனால்தான் சொல்கிறேன்: பண்பாட்டைச் சொல்லும் உரிமை கோயில் குழுவுக்கும் வேண்டாம், கொழுத்த சங்கத்துக்கும் வேண்டாம், ஒலிவாங்கி குழந்தையின் கையிலே இருக்கட்டும். பாட்டியிடம் அவள் கதையும் கேட்கட்டும், "ஏன் பாட்டி, உங்களைக் கிணற்றிலே தண்ணீர் எடுக்க விடவில்லை?" என்ற கேள்வியும் கேட்கட்டும். கேள்வி கேட்கத் தெரிந்த பண்பாடே வளரும். மற்றது காட்சிச்சாலையிலே பதப்படுத்திய பறவை.

இறுதியாக, நம் பக்கமும் சற்றுத் திரும்புவோம். தமிழகத்திலே கட்டடம் எழுப்பவும் செங்கல் அறுக்கவும் ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் உழைப்பாளர் வருகின்றனர். அவர்தம் குழந்தைகள் நம் பள்ளியிலே தமிழ் பயில்கின்றனர். பயிலட்டும், மகிழ்வோம். ஆனால் அந்த ஒடியாச் சிறுமியின் மொழிக்கு நம் வகுப்பறையிலே ஓர் இடம் உண்டா? கைப்பேசி வைத்திருக்கும் இளைஞனே, உன் ஊர்ப் பள்ளிக்குப் போ. அவள் மொழியிலே ஒரு கதையைப் பதிவு செய். தமிழிலே அதை எழுத அவளுக்குத் துணை நில். நமக்குக் கேட்ட நீதியைப் பிறர்க்கும் கொடுக்கும்போதுதான் அது நீதி. இல்லையேல் வெறும் ஆசை.