அவள் கைக்கு எட்டிய மலை

நியூசிலாந்தின் தெற்குத் தீவில், அவோராகி மலையின் அடிவாரத்தில், ஹூக்கர் பள்ளத்தாக்குப் பாதையில் நடந்தோம். போய்வர 10 கிலோமீட்டர். பெரியவர்களுக்கு மூன்று மணி நேரம் போதும். எங்களோடு வந்தவளுக்கு வயது இரண்டரை. அதனால் பகல் முழுவதையும் அவளுக்கே விட்டுவிட்டோம். கணவர் முதுகில் குழந்தையைச் சுமக்கும் பை. என் முதுகில் எலுமிச்சைச் சாதம், தண்ணீர், மாற்றுத்துணி, மழைச்சட்டை.

டிசம்பர், அங்கே கோடை. 3,724 மீட்டர் உயரத்தில் வெண்பனி போர்த்திய சிகரம் கண்முன் நின்றது. நான் வாயடைத்து நின்றேன். பாப்பா நிமிர்ந்தே பார்க்கவில்லை. பாதையோரம் குந்தி உட்கார்ந்து கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். சாம்பல் நிறக் கற்கள், சிலவற்றில் வெள்ளைக் கோடு. "அங்க பாருடா செல்லம், எவ்ளோ பெரிய மலை!" என்றேன். "இந்தாம்மா" என்று ஒரு கல்லை நீட்டினாள்.

அவள் நீட்டியதும் மலைதான். கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் கடலடியில் படிந்த மணலும் சேறும் இறுகிப் பாறையாகி, மேலெழுந்து, இந்த மலைத்தொடராகின. அன்றுமுதல் அது உடைந்து இறங்கிக்கொண்டும் இருக்கிறது. 1991-இல் சிகரத்திலிருந்து பெரும் பாறைச்சரிவு ஒன்று கிழக்குப் பக்கமாக விழுந்ததில் மலையின் உயரமே குறைந்துபோனது. மாவோரி மக்களில் ங்காய் தாஹு இனத்தாருக்கு அவோராகி மூதாதை. ஏறுபவர்கள் உச்சிப் புள்ளியில் மட்டும் கால் வைக்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறார்கள். எவ்வளவு நியாயமான வேண்டுகோள்!

வழியில் மூன்று தொங்கு பாலங்கள். முதல் பாலத்தில் காற்று பலமாக அடித்தது. கணவர் பாப்பாவைத் தூக்கிப் பையில் உட்காரவைத்து வாரை இறுக்கினார். பாலம் ஆட ஆட அவளுக்குக் குஷி. கீழே ஆறு வெளுத்து ஓடியது. "பாலு! பாலு!" என்று கத்தினாள். பனியாறு நகரும்போது அடியிலுள்ள பாறையை மாவாக அரைத்துவிடுகிறது. அந்தத் துகள் அடியில் தங்காமல் தண்ணீரோடு மிதந்து வருவதால்தான் இந்த நிறம். மலை இங்கே ஆறாகவும் ஓடுகிறது.

இரண்டாவது பாலம் தாண்டியதும் மறுபடி கீழே இறங்கிவிட்டாள். 'மவுண்ட் குக் லில்லி' பூத்திருந்தது. பெயரில் லில்லி இருந்தாலும் அது லில்லி இனமல்ல. வெள்ளை இதழ், நடுவில் மஞ்சள், தட்டுப் போன்ற பெரிய இலை. தன் முகத்துக்கு நேரே இருந்த பூவோடு அவள் ஏதோ பேசிக்கொண்டிருந்தாள். எங்களைத் தாண்டிப் போனவர்கள் ஏரியைப் பார்த்துத் திரும்பியும் வந்துவிட்டார்கள். எனக்கு அவசரமே தோன்றவில்லை.

கடைசியில் ஹூக்கர் ஏரி. சாம்பல் நீரில் பனிப்பாளங்கள் மிதந்தன. ஐம்பது, அறுபது ஆண்டுகளுக்கு முன் இந்த இடத்தில் ஏரி கிடையாது. பனியாறு உருகிப் பின்வாங்க, அது விட்டுப்போன பள்ளத்தில் நீர் தேங்கியது. இன்னும் பின்வாங்கிக்கொண்டே இருக்கிறது. பாப்பா பெரியவளாகி வரும்போது ஏரி நீண்டிருக்கும், பனி குறைந்திருக்கும். அதை நினைத்தபோது நெஞ்சு கனத்தது.

கரையில் ஒதுங்கியிருந்த சின்னப் பனித்துண்டைக் கணவர் எடுத்துக் கொடுத்தார். தொட்டாள், வீறிட்டாள், மறுபடி தொட்டாள். சாதம் ஊட்டி முடித்ததும், "பொறுக்கினதெல்லாம் இங்கயே போட்டுடலாம், கண்ணு" என்றார். சட்டைப்பையைக் கவிழ்த்து ஒவ்வொரு கல்லாக ஏரியில் எறிந்தாள். தீர்ந்ததும் கரையில் குனிந்து அடுத்த கல்லைத் தேடினாள்.