மல்லிகை ஏற்றி வந்த லாரி

2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை. விடுப்பில் கடலூர் முதுநகர் வந்திருந்தேன். ராணுவ நர்ஸிங் சர்வீஸில் அப்போது நான் மேஜர். மார்கழிப் பௌர்ணமி. ஆருத்ரா தரிசனத்துக்கு அம்மாவைச் சிதம்பரம் அழைத்துப் போவதாகப் பேச்சு. காலை எட்டரை தாண்டியிருக்கும். துறைமுகப் பக்கமிருந்து சனங்கள் ஓடி வந்தார்கள். "கடலு உள்ள வந்துடுச்சு" என்பதைத் தவிர யாருக்கும் வேறு எதுவும் சொல்லத் தெரியவில்லை. உப்பனாற்றுக்கு அந்தக் கரையில் சோனாங்குப்பம், சிங்காரத்தோப்பு. வடக்கே தேவனாம்பட்டினம், தாழங்குடா. எல்லாம் ஒரே நேரத்தில் போயிருந்தன.

தம்பியின் பைக்கில் மஞ்சக்குப்பம் அரசு மருத்துவமனைக்குப் போனேன். "ஆர்மி நர்ஸ் டாக்டர், கார்கில் சமயத்துல ஸ்ரீநகர்ல இருந்தேன்" என்றேன். "வாங்க சிஸ்டர்" என்றார் அங்கிருந்த டாக்டர். அதற்கு மேல் யாரும் எதுவும் கேட்கவில்லை.

1999இல் ஸ்ரீநகர் 92 பேஸ் ஹாஸ்பிடலில் ஹெலிகாப்டர் இறங்கும் சத்தம் கேட்டதுமே நாங்கள் ஸ்ட்ரெச்சரோடு நிற்போம். த்ராஸிலிருந்தும் படாலிக்கிலிருந்தும் வந்த பையன்களின் பூட்ஸைக் கழற்ற முடியாது. கத்திரியால் வெட்டித்தான் எடுக்க வேண்டும். அங்கே மூத்த மேட்ரன் ஒருவர் முதலில் சொல்லிக்கொடுத்தது: கத்துகிறவன் மூச்சு விடுகிறான், சத்தமில்லாதவனிடம் முதலில் போ. ஒருநாள் தொடையில் குண்டுச் சிதறலோடு வந்த ஒருவன், நான் இன்னொரு நர்ஸிடம் பேசியதைக் கேட்டுவிட்டு, "சிஸ்டர், நீங்க தமிழா?" என்றான். புவனகிரிக்காரன். என் ஊரைச் சொன்னதும் அந்த வலியிலும், "முதுநகர் மீன் மார்க்கெட்டா?" என்று கேட்டான். அவன் பிழைத்தான். அந்தப் போரில் உயிரிழந்த வீரர்கள் 527 பேர், காயமடைந்தவர்கள் ஆயிரத்து முந்நூறுக்கும் மேல். அந்தக் காயங்களைக் கழுவித் துடைத்த கைகளில் பல பெண்களுடையவை. போர் பற்றி எடுத்த படங்களில் அந்தக் கைகளை நான் அதிகம் பார்த்ததில்லை.

மஞ்சக்குப்பத்திலும் அந்த மேட்ரன் சொன்னதைத்தான் செய்தேன். மீன்பாடி வண்டியிலும் டெம்போவிலும் ஆட்களைக் கொண்டுவந்து இறக்கிக்கொண்டே இருந்தார்கள். புண்களெல்லாம் மணல். நுரையீரலில் சேற்றுத் தண்ணீர். சலைனை ஊற்றி ஊற்றிக் கழுவினோம். மதியத்துக்குப் பிறகு வந்தவர்களில் உயிரோடு இருந்தவர்கள் குறைவு. வேலிகாத்தான் முள்ளில் கூந்தல் சிக்கிக் கிடந்த ஒருத்தியை, தலைமுடியை அரிவாளால் அறுத்துத்தான் எடுத்திருந்தார்கள். சேலை இல்லை. வேட்டி ஒன்றால் சுற்றியிருந்தார்கள். கொண்டுவந்த ஆண்கள் அவள் முகத்தைப் பார்க்காமல் தலையைத் திருப்பிக்கொண்டு நின்றார்கள். நானும் ஆயாக்கள் இருவரும் அவளைக் கழுவி, காலில் மெட்டி இருந்ததைக் குறித்துவைத்தோம். கணவன் அடையாளம் சொல்ல வரும்போது அது வேண்டும்.

பிணங்களில் பெண்கள் அதிகம் என்பது அன்று மாலையே எங்களுக்குத் தெரிந்துவிட்டது. மறு ஆண்டு மார்ச்சில் ஆக்ஸ்ஃபாம் வெளியிட்ட அறிக்கையில் கணக்கு வந்தது: கடலூர் மாவட்டத்தில் பெண்கள் 391, ஆண்கள் 146. பச்சையாங்குப்பத்தில் இறந்தவர்கள் அத்தனை பேரும் பெண்கள். ஆழ்கடலில் இருந்த படகுகளுக்கு அடியில் அலை போய்விட்டது. மீனுக்காகக் கரையில் காத்திருந்தவர்களையும், வீட்டில் பிள்ளைகளோடு இருந்தவர்களையும்தான் அது வாரிக்கொண்டது. ஓடியவர்களுக்கும் இடுப்பில் ஒரு குழந்தை, கையில் ஒரு குழந்தை, காலைத் தடுக்கும் ஈரச் சேலை.

ராணுவ லாரிகள் வந்தபோது ஊருக்கு மூச்சு வந்தது. அந்தப் பையன்கள் இடிபாடுகளுக்குள் இறங்கி வேலை செய்ததை நான் கண்ணால் பார்த்தவள். அவர்களை ஒரு வார்த்தை குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் சனங்களைத் தங்கவைத்திருந்த கல்யாண மண்டபத்தில் பெண்கள் பக்கம் வந்ததும் அவர்கள் வாசலிலேயே நின்றுவிட்டார்கள். உள்ளே இருந்தவர்களும் அவர்களிடம் எதையும் கேட்கவில்லை. உள்பாவாடை வேண்டும், மாதவிலக்குக்குத் துணி வேண்டும் என்று இருபது வயது ஜவானிடம் எந்தப் பெண் கேட்பாள்?

மண்டபத்தின் மூலையில் சுவரோடு சாய்ந்து ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். சிங்காரத்தோப்புக்காரி. காய்ச்சல் அடித்தது. வாய் திறக்கவில்லை. பக்கத்தில் இருந்த கிழவிதான் சொன்னாள்: "பால் கட்டிக்கிச்சுக்கா. புள்ள போயிடுச்சு." மூன்று மாதக் குழந்தை. தொட்டுப் பார்த்தேன், மார்பு கல்லாக இருந்தது. அந்த மண்டபத்தில் அப்படி இருந்தவள் அவள் ஒருத்தி மட்டும் அல்ல என்பது விசாரிக்க விசாரிக்கத் தெரிந்தது. பிள்ளையைப் பறிகொடுத்த பிறகும் ஊறிக்கொண்டிருந்த பாலை என்ன செய்வதென்று தெரியாமல், யாரிடமும் சொல்லவும் முடியாமல் இருந்தார்கள்.

நம் பக்கத்தில் இதற்குப் பாட்டிமார் செய்வது மல்லிகைப்பூவை மார்பில் வைத்துக் கட்டுவது. வேலூர் சி.எம்.சி. மருத்துவர்கள் இதை ஆராய்ந்து, மல்லிகைக்குப் பாலை வற்றவைக்கும் தன்மை உண்டென்று எழுதியிருக்கிறார்கள். வெளியே போய், லாரிகளோடு வந்திருந்த சுபேதாரிடம் என் ரேங்கைச் சொன்னேன். விறைப்பாக நின்று சல்யூட் அடித்தார். என்னென்ன வேண்டுமென்று இந்தியில் கேட்டுச் சின்ன நோட்டில் எழுதிக்கொண்டே வந்தார். பிளீச்சிங் பவுடர், தார்ப்பாய், துணி. "மல்லிகைப்பூ" என்றதும் பேனா நின்றது. காரணத்தைச் சொன்னேன். அவர் தலையைக் குனிந்துகொண்டு அதையும் எழுதினார்.

மார்கழியில் மல்லிகை கிடைப்பது அபூர்வம். கிள்ளைப் பக்கம் பொருள் இறக்கப் போன லாரி ஒன்று சிதம்பரம் வழியாகத் திரும்பியது. ஆருத்ராவுக்காகக் கோயில் சந்நிதியில் போட்டிருந்த கடைகளில் இருந்ததை வாங்கி, வாழையிலையில் கட்டி, அரிசிச் சாக்குகளுக்கு நடுவே வைத்துக் கொண்டுவந்து கொடுத்தான் ஒரு பையன். இரவெல்லாம் நானும் அந்தக் கிழவியும் ஒவ்வொருத்திக்கும் கட்டிவிட்டோம். சிங்காரத்தோப்புக்காரி அப்போதுதான் அழுதாள்.

ராணுவத்தில் பெண் எதற்கு என்று கேட்பவர்களிடம் நான் சொல்வது இந்த லாரியைப் பற்றித்தான். ராணுவம் போய்ச் சேரும் இடங்களில் பாதிப் பேர் பெண்கள். கடலூரில் அன்று செத்தவர்களில் ஏறக்குறைய நான்கில் மூன்று பங்கு பெண்கள். அவர்களிடம் வந்த படையில் சிப்பாயாக ஒரு பெண்ணும் இல்லை, அன்றைய நிலையில் இருக்கவும் முடியாது. 1950ஆம் ஆண்டு ராணுவச் சட்டத்தின் 12ஆம் பிரிவு, மத்திய அரசு தனியாக அறிவித்த பிரிவுகளைத் தவிர மற்றவற்றில் பெண்கள் சேரத் தகுதியற்றவர்கள் என்றே சொல்கிறது.

எங்கள் சர்வீஸ் அந்தச் சட்டத்துக்கும் மூத்தது. 1888இல் பத்து நர்ஸுகள் பம்பாயில் வந்து இறங்கியதிலிருந்து அதன் கதை தொடங்குகிறது. 1943இல் ஓர் அவசரச் சட்டம் எங்களை அதிகாரிகளாக்கியது. அதே 1943இல், எதிர்த் தரப்பில், சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்த டாக்டர் லட்சுமி சிங்கப்பூரில் நேதாஜியின் ஜான்சி ராணிப் படைக்குத் தலைமை ஏற்றார். துப்பாக்கி தூக்கியவர்களில் பெரும்பாலோர் மலேயா ரப்பர்த் தோட்டத்துத் தமிழ்ப் பெண்கள். ஒரே ஆண்டில் இரண்டு பகைப் படைகளும் நம் பெண்களைச் சேர்த்துக்கொண்டன. போர் முடிந்ததும் இரண்டு பக்கத்தையும் நாடு மறந்தது. எனக்கு அதில் இன்றும் கோபம் உண்டு. எங்கள் முதுநகரில் பிறந்த அஞ்சலையம்மாள் 1927இல் பிரிட்டிஷ் தளபதி நீலின் சிலையை அகற்றச் சொல்லி மகளோடு சிறை போனவர். காந்தி அவரைத் தென்னாட்டின் ஜான்சி ராணி என்றார். அவர் பெயரைச் சொல்லித்தான் என் அப்பா என்னை ராணுவத்துக்கு அனுப்பினார்.

அந்த அப்பாதான் 1992இல் செய்தித்தாளை மடித்துக்கொண்டு என்னிடம் வந்தார். சென்னை பரங்கிமலை அதிகாரிகள் பயிற்சி அகாடமியில் பெண்களைச் சேர்க்கிறார்கள், 'ராணுவத்தில் முதன்முறையாகப் பெண் அதிகாரிகள்' என்று போட்டிருந்தது. நான் லெப்டினன்ட் ஆகி அப்போது இரண்டு வருடம். "அப்ப நீ யாரும்மா?" என்று கேட்டார். அந்தப் பெண்களை நினைத்து நான் மகிழ்ந்தேன். ஆனாலும் அப்பாவின் கேள்வி நியாயமானது. 1958இலேயே பெண் மருத்துவர்களுக்கு நிரந்தர கமிஷன் கொடுத்திருந்தார்கள்.

பிறகு நடந்தவை வேகமானவை. 2020 பிப்ரவரி 17 அன்று பபிதா புனியா வழக்கில் உச்ச நீதிமன்றம் பெண் அதிகாரிகளுக்கு நிரந்தர கமிஷன் வழங்கச் சொன்னது. 2021 மே மாதம் பெங்களூரில் ராணுவப் போலீஸின் முதல் பெண் சிப்பாய்கள் 83 பேர் பயிற்சி முடித்தார்கள். தொலைக்காட்சியில் அந்த அணிவகுப்பைப் பார்த்தபோது, மண்டபத்து வாசலில் தயங்கி நின்ற அந்தப் பையன்கள்தான் என் நினைவுக்கு வந்தார்கள். 2025 மே 30இல் தேசிய பாதுகாப்பு அகாடமியிலிருந்து முதல் பெண்கள் 17 பேர் வெளியே வந்தார்கள்.

நான் ஓய்வு பெற்று முதுநகரில்தான் இருக்கிறேன். சுனாமிக் குடியிருப்பிலிருந்து பெண் பிள்ளைகள் வழி கேட்டு வருகிறார்கள். நர்ஸிங் படிக்க விரும்புகிறவர்களுக்கு நீட் மதிப்பெண், ராணுவ நர்ஸிங் கல்லூரி, படிப்புச் செலவை ராணுவமே ஏற்பது, அதற்காக எழுதிக் கொடுக்கும் பாண்டு எல்லாவற்றையும் சொல்கிறேன். போன மாதம் வந்த சோனாங்குப்பத்துப் பெண், நர்ஸிங் வேண்டாம் மேடம், அக்னிவீர்ல மிலிட்டரி போலீஸ்தான் என்றாள். 1.6 கிலோமீட்டரை எட்டு நிமிடத்துக்குள் ஓட வேண்டும். மணலில் ஓடிப் பழகியவள், ரோட்டில் இன்னும் வேகம் வரும். தினமும் காலை ஐந்தரைக்கு சில்வர் பீச் சாலைக்கு வா, நேரம் பார்க்கிறேன் என்று சொல்லியிருக்கிறேன். அவள் அம்மாவும் கூட வருகிறாள். மகளோடு பாதித் தூரம் ஓடிவிட்டு, மீன் ஏலத்துக்கு நேரமாகிவிட்டதென்று கிளம்பிவிடுகிறாள்.