முப்பத்திரண்டு கணுக்கள்

நோயியல் மருத்துவருக்கு நோயாளியின் முகம் தெரியாது, சதைதான் தெரியும். ஸ்லைடுகளை வாங்கிப் போக வந்த அந்த அம்மா மட்டும் ரிப்போர்ட்டை என் முன்னால் நீட்டிக் கேட்டார்: "கழுத்துல எடுத்த முப்பத்திரெண்டுலயும் ஒண்ணுமில்லன்னு நீங்கதானே எழுதியிருக்கீங்க டாக்டர்? அப்புறம் எதுக்கு எடுத்தாங்க?" அந்த அறுவைக்குப் பிறகு வலது கையைத் தோளுக்கு மேல் தூக்க முடியவில்லை அவரால்.

நாக்கின் ஓரத்தில் சின்னக் கட்டி அவருக்கு. கழுத்தில் கை வைத்ததற்கு நியாயம் உண்டு. மும்பை டாடா மெமோரியல் மருத்துவமனையின் ஆய்வு 2015இல் வந்தது. ஆரம்பநிலை வாய்ப்புற்றில், கழுத்தில் எதுவும் தட்டுப்படாதபோதே நிணநீர்க் கணுக்களை எடுத்துவிட்டவர்களில் மூன்றாண்டு உயிர்பிழைப்பு 80 சதவீதம். நெறி கட்டினால் பார்த்துக்கொள்ளலாம் என்று காத்திருந்தவர்களில் 67.5. இதைப் படித்த பிறகு காத்திருக்க யாருக்கு மனம் வரும்? ஆனால் முன்கூட்டியே எடுத்தவர்களில் ஏறக்குறைய 30 சதவீதத்தினருக்குத்தான் கணுவில் புற்று இருந்தது. மற்றவர்கள் இந்த அம்மாவைப் போல.

அவர்களை முன்பே பிரித்தறிய இன்று என் கையில் இருப்பது பெரும்பாலும் அளவுகோல்தான். பக்கத்திலுள்ள நல்ல சவ்வின் அடிக்கோட்டிலிருந்து கட்டி எவ்வளவு ஆழம் இறங்கியிருக்கிறது என்று மில்லிமீட்டரில் அளக்கிறேன். 3 மில்லிமீட்டரிலேயே கழுத்துக்கு ஓடிய கட்டிகளையும் பார்த்திருக்கிறேன், 8 இறங்கியும் இடம்விட்டு நகராதவற்றையும்.

உருவத்தில் தெரியாதது மரபணுவில் தெரியலாம் என்று என்னை நம்பவைத்தது 1995இல் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் குழு வெளியிட்ட ஒரு சிறிய ஆய்வு. தலை, கழுத்துப் புற்றுநோயாளிகள் 25 பேர். மைக்ராஸ்கோப்பில் எல்லோருடைய வெட்டு விளிம்பும் சுத்தம். கட்டியிலிருந்த அதே பி53 மரபணுப் பிழையை விளிம்பில் தேடினார்கள். 13 பேரிடம் இருந்தது. அவர்களில் 5 பேருக்கு அதே இடத்தில் நோய் திரும்பியது. பிழை இல்லாத 12 பேரில் ஒருவருக்கும் திரும்பவில்லை. 'விளிம்புகள் சுத்தம்' என்று கையெழுத்திடும்போதெல்லாம் அந்த 13 பேரை நினைத்துக்கொள்கிறேன்.

ஆபத்தை அறிவிப்பது வேறு, சிகிச்சைக்கு வழிகாட்டுவது வேறு என்பதையும் பார்த்துவிட்டோம். வாயின் வெண்படலத்தில் மூன்றாம், ஒன்பதாம் குரோமோசோம்களின் சில பகுதிகள் இழக்கப்பட்டிருந்தால் புற்று வரும் வாய்ப்பு அதிகம்; எபாக் என்ற ஆய்வு அதை உறுதிசெய்தது. அப்படிப்பட்டவர்களுக்கு எர்லோடினிப் மாத்திரை கொடுத்தும் புற்று குறையவில்லை. அந்த மரபணு மார்க்கர் சரியாகத்தான் சொன்னது. சொன்னதை வைத்து நம்மால் ஒன்றும் செய்ய முடியவில்லை.

எனக்கு வேண்டியது, நூற்றில் கணுவில் புற்றுள்ள அந்த முப்பது பேரில் ஒருவரையும் தவறவிடாமல் எழுபது பேரின் கழுத்தை விட்டுவைக்கச் சொல்லும் மார்க்கர். அதைத் தேடுபவர்கள் நாளைக்கு என்னிடம் கேட்கப்போவது சதையைப் பதித்து வைத்திருக்கும் மெழுகு பிளாக்குகளைத்தான். மெழுகில் பதிப்பதற்கு முன் ஃபார்மலினில் சதை அதிக நாள் ஊறினால் டி.என்.ஏ. துண்டுதுண்டாகிவிடும். அதனால் வெள்ளிக்கிழமை மாலை வரும் நாக்கைத் திங்கள் வரை விட்டுவைக்க நான் யாரையும் அனுமதிப்பதில்லை. ஸ்லைடுகளை அந்த அம்மா எடுத்துப் போய்விட்டார். பிளாக் எங்கள் அலமாரியில் இருக்கிறது.