எம்மாவின் வெள்ளைப் பாவாடை

மகளின் பாலே வகுப்புக்கு வாங்கிய வெள்ளைப் பாவாடையில் ஒரு துண்டு தைத்திருந்தது: நெருப்புக்குக் கிட்டக் கொண்டுபோக வேண்டாம். பாரிஸ் மெத்ரோவில் வரும்போது அதையே யோசித்தேன். காலத்தில் ஒருநாள் பின்னால் போகவிட்டால்?

1862 நவம்பர் 15, பாரிஸ் ஒப்பேரா ஒத்திகைக்குப் போவேன். எம்மா லிவ்ரிக்கு வயது 20. மேடையில் காஸ் விளக்குகள். தீப்பிடிக்காத மருந்தில் தோய்த்த உடுப்பு அப்போதே இருந்தது. அது விறைக்கும், வெண்மை மங்கும் என்று அவள் மறுத்திருந்தாள். பாவாடையில் தீப்பற்றியது. எட்டு மாதம் துடித்து 1863 யூலையில் இறந்தாள். அந்த மென்மையைக் கேட்டுக் கைதட்டியது சபை. எரிந்தது அவள்.

நான் நடனம் பார்க்கமாட்டேன். நனைத்த போர்வையோடு மேடையோரம் நிற்பேன்.

வீட்டில் மகள் பாவாடையைப் போட்டுச் சுழன்றாள். "அப்பா, வடிவா இருக்கா?"

"வடிவுதான் பிள்ளை. சாமி விளக்குக்குக் கிட்ட நிக்காதேங்கோ."