கீரை விலை, கிழங்கு விலை

சாந்த்ராகாச்சி ரயில் நிலையத்துக்கு வெளியே சாயங்காலக் கடைகள். இந்த ஊர் வங்காளத்தில் இரண்டு விஷயங்களுக்குப் பிரசித்தம். குளிர்காலத்தில் ஏரியில் வந்து இறங்கும் வாத்துகள் ஒன்று, சேனைக்கிழங்கு மற்றொன்று. கிழங்குக்காரரிடம் பேரம் செல்லாது. பக்கத்தில் கீரை விற்கும் அம்மாளோ, இருட்டத் தொடங்கியதும் தானாகவே விலையைப் பாதியாக்கிவிடுவார். கிழங்கு காத்திருக்கும், கீரை காத்திருக்காது.

துணிப்பையுடன் நிற்கும், நாற்பதைத் தாண்டிய தமிழருக்கு இந்த எளிய உண்மையைக் கற்றுத் தந்தது கீரை அல்ல. ஒரு வீடியோ கேம் பெட்டி.

1995. அவனுக்கு 12 வயது. அப்பா தென்கிழக்கு ரயில்வேயில் குமாஸ்தா. அந்த வருடம்தான் ஜப்பானின் சேகா கம்பெனியின் 'மெகா டிரைவ்' இந்தியாவில் விற்பனைக்கு வந்தது. இறக்குமதி வரி 80 சதவீதம். அதைச் சமாளிக்க, மதுபானங்களுக்குப் பெயர்போன கல்கத்தாவின் ஷா வாலஸ் நிறுவனம் விநியோகத்தை ஏற்றுக்கொண்டது. அப்படியும் விலை 18,000 ரூபாய். அன்றைய மாற்று விகிதத்தில் 550 டாலருக்கு மேல். 1989-ல் அமெரிக்காவில் 'ஜெனிசிஸ்' என்ற பெயரில் அதே பெட்டி அறிமுகமானபோது 189 டாலர்தான். ஆறு வருடம் பழையதாகிவிட்ட சரக்குக்கு ஏறக்குறைய மூன்று மடங்கு விலை. அப்பாவுக்கு அது நான்கு மாதச் சம்பளம்.

"விலை இறங்கும்டா, கொஞ்சம் பொறு" என்றார்.

யானையை வாங்கியவன் அங்குசத்துக்கு அழக்கூடாது என்பார்கள். வீடியோ கேம் வியாபாரமோ அங்குசத்தை நம்பித்தான் நடக்கிறது. பெட்டியை அடக்க விலைக்கோ, அதற்கும் கீழேயோ தள்ளிவிட்டு, விளையாட்டுகளை விற்று லாபம் பார்ப்பார்கள். ஆனால் நம் ஊரில் அங்குசம் நடைபாதையிலேயே கிடைத்தது. ஒரே கார்ட்ரிட்ஜில் நூற்றுக்கணக்கான விளையாட்டுகள் என்று விளம்பரப்படுத்திய போலிகள் தாராளமாகப் புழங்கின. அங்குசத்தில் காசு பார்க்க முடியாத ஊரில் யானையை மலிவாக விற்க யாருக்கு மனம் வரும்?

ஒரு வருடம் பொறுத்துக்கொண்டான். 1996-ல் அப்பா அவனை வித்யாசாகர் சேது வழியாக பஸ்ஸில் கிதிர்பூர் ஃபேன்ஸி மார்க்கெட்டுக்கு அழைத்துப் போய், இரண்டாயிரத்துக்குள் ஒரு போலிப் பெட்டியை வாங்கித் தந்தார். பேச்சு அத்தோடு முடிந்தது என்று நினைத்தான்.

சேகாவுக்கு அமெரிக்காவிலும் விலைதான் வினையாக வந்தது. 1995 மே மாதம் தன் அடுத்த பெட்டியான 'சாட்டர்ன்' 399 டாலர் என்று அறிவித்தது. அதே நாளில் சோனி தன் 'பிளேஸ்டேஷன்' 299 என்றது. அந்த நூறு டாலர் பள்ளத்திலிருந்து சாட்டர்ன் கரையேறவில்லை. அடுத்து வந்த 'டிரீம்காஸ்ட்' 1999-ல் 199 டாலர். 2000-ல் 149. மறு வருடம் உற்பத்தியை நிறுத்துவதாக அறிவித்த கையோடு 99. அந்தக் குறைப்பு வாடிக்கையாளரைப் பிடிக்க அல்ல, கடையைக் காலி செய்ய.

இதே இக்கட்டில் நின்டெண்டோ வேறு மாதிரி நடந்துகொண்டது. 2011 மார்ச்சில் அமெரிக்காவில் 250 டாலருக்கு வந்த '3டிஎஸ்' எதிர்பார்த்தபடி விற்கவில்லை. ஆகஸ்ட்டிலேயே விலை 170. முதலில் முழு விலை கொடுத்தவர்கள் ஏமாந்தோம் என்று நினைக்காதிருக்க அவர்களுக்கு 20 விளையாட்டுகள் இலவசம். தலைவர் சதோரு இவாட்டா தன் சம்பளத்தைப் பாதியாக வெட்டிக்கொண்டார். அந்தப் பெட்டி கடைசியில் ஏழரைக் கோடிக்கு மேல் விற்றது. பார்வைக்குக் கிழங்கு மாதிரி இருந்தாலும் வீடியோ கேம் பெட்டி கீரைதான். இருட்டுவதற்குள் விலையைக் குறைக்க வேண்டும். காலையில் வாங்கியவரையும் மறக்கக் கூடாது.

2001-ல் அப்பா ஒரு தபாலாபீஸ் பாஸ்புத்தகத்தை மேஜை மேல் வைத்தார். 1996-ல் தொடங்கிய ஐந்து வருட ஆர்.டி. மாதம் 200 ரூபாய். அட்டையின் உள்பக்கத்தில் பென்சிலால் ஒரே ஒரு வார்த்தை: சேகா.

"இப்ப வாங்கிடலாமாடா?" என்று கேட்டார்.

பெட்டிகள் செய்வதை சேகா கைவிட்ட செய்தி அப்போதுதான் வந்திருந்தது. அப்பாவுக்கு அது தெரியாது. விலை இறங்கிவிட்டது, பையனுக்கு வயது ஏறிவிட்டது. "வேண்டாம்ப்பா" என்றான். பணம் காலேஜ் ஃபீஸுக்குப் போயிற்று. பாஸ்புத்தகத்தை அப்பா திருப்பி வாங்கிக்கொண்டபோது ஏதும் பேசவில்லை.

"அரை மணி பொறுங்க, பாதி விலைக்குத் தர்றேன்" என்கிறார் கீரைக்கார அம்மாள், வங்காளியில்.

அவர் முழு விலையைக் கொடுத்துவிட்டு, கீரைக் கட்டைப் பையில் போட்டுக்கொண்டு நடக்கிறார்.